மீனுக்குக் கொடுத்த வாக்கு

ஆற்றுக்கு விழா எடுப்பது நமக்குப் புதிதன்று. புதுவெள்ளம் வரும் நாளில் கட்டுச் சோற்றுடன் ஆற்றங்கரைக்குப் போய் வந்தவர்களே நம்மிற் பலர். ஆனால், அந்த ஆற்றில் ஏறி வரும் மீனுக்கு விழா எடுப்பார் உளரோ? பறை கொட்டி அதனை எதிர்கொண்டு, பெரிய மனிதரை அழைத்து வருவதுபோல் ஊர் மன்றத்துக்குள் அழைத்து வந்து, பாட்டுப் பாடி, பின்னர் அதனையே ஆளுக்கு ஒரு துண்டாகப் பகிர்ந்து உண்டு, எலும்பை மட்டும் பத்திரமாக நீருக்கே திருப்பி அனுப்புவார் உளரோ? உளர். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பசிபிக் மாகடலில் விழும் ஆறுகளின் ஓரத்தில் அவர்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றியும், அவர்கள் போற்றும் சால்மன் மீனைப் பற்றியும், அந்த மீன் வராமற்போன பிறகும் அதற்காக ஆடிய ஒரு சிறு கூட்டத்தாரைப் பற்றியும் எழுதவே இக்கட்டுரை.

இதனை எழுதத் தூண்டியவர் என் அறைத் தோழர். வங்காளி, கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். சென்ற ஸரஸ்வதி பூஜை அன்று அவர் விடுதிச் சமையலறைக்கு இரண்டு இலீஸ் மீன்களைக் கொண்டுவந்தார். நம் மொழியில் உல்லம் என்கிறோமே, அந்த மீன். விஜயதசமி கழிந்தால் ஸரஸ்வதி பூஜை வரையில் அவர் வீட்டில் இலீஸைத் தொடமாட்டார்களாம். பூஜையன்று ஒரு சோடி வாங்கி, மஞ்சளும் சிந்தூரமும் இட்டு, அதன் பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்களாம். “ஒரு மீனுக்கு இவ்வளவு மரியாதையா!” என்று பக்கத்தில் இருந்த ஒருவர் நகைத்தார். நண்பரின் முகம் சற்றே வாடியது. நானோ மீன் உண்ணாத குடும்பத்தில் பிறந்து விலங்கியல் படிக்க வந்தவன்; மீனை அறுத்துப் பார்த்திருக்கிறேனே ஒழிய அதனோடு வேறு உறவு கிடையாது. எனினும் அன்று நண்பரின் பக்கம் நின்று பேச எனக்கு ஒரு கதை இருந்தது. அந்த மாதங்களில் ஆற்றில் திரிபவை பெரும்பாலும் கடலுக்குத் திரும்ப வேண்டிய இளங்குஞ்சுகள். உண்ணாவிரதம் போலத் தோன்றுவது உண்மையில் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் தவணை என்று தொடங்கினேன். பேச்சு இலீஸிலிருந்து சால்மனுக்குப் போயிற்று. அதன் எழுத்து வடிவமே இது.

முதலில் மீனைப் பற்றிச் சில சொற்கள். பம்பாய்ச் சந்தையில் ‘இந்திய சால்மன்’ என்று விற்கப்படும் ராவஸ், நம் கடற்கரையில் காலா எனப்படுவது. அதற்கும் சால்மனுக்கும் குல உறவு இல்லை. உண்மைச் சால்மன் குளிர்நாட்டு மீன். பசிபிக் கரையில் வட அமெரிக்க ஆறுகளில் ஐந்து இனங்கள் உண்டு: சினூக், சாக்ஐ, கோஹோ, பிங்க், சம் என்பன. மலையோடையின் கூழாங்கற்களுக்கிடையே முட்டை பொரிகிறது. குஞ்சு சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நன்னீரில் வளர்ந்து கடலுக்குப் போகிறது. கடலில் சில ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மைல் சுற்றித் திரிந்து உடல் பெருக்கிய பின், பிறந்த ஓடைக்கே திரும்புகிறது. திரும்பும் வழியை எப்படி அறிகிறது? ஆற்றின் வாயை நெருங்கிய பிறகு, குஞ்சுப் பருவத்தில் நுகர்ந்த அந்த ஓடை நீரின் மணமே அதற்கு வழிகாட்டி. நன்னீருக்குள் நுழைந்ததும் உண்பதை நிறுத்திவிடுகிறது. அருவிகளைத் தாவி ஏறுகிறது. பெண் மீன் வாலால் கற்களைக் கிளறிக் குழி பறித்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆண் மீன் அவற்றைக் கருவுறச் செய்கிறது. பின்னர் இரண்டுமே இறந்துபோகின்றன. பிள்ளை முகம் பார்க்கும் பேறு எந்தச் சால்மனுக்கும் இல்லை.

அந்தச் சாவு வீண் சாவன்று. கடலில் சேர்த்த சத்தனைத்தையும் அது மலைக்குச் சுமந்து வருகிறது. கரடியும் கழுகும் அதனை இழுத்துப்போய்த் தின்கின்றன. எஞ்சியது மண்ணில் மக்குகிறது. ஆற்றோரக் காட்டு மரங்களைச் சோதித்தால் அவற்றில் கடலிலிருந்து வந்த நைட்ரஜன் இருக்கக் காணலாம். கடல் மலைக்கு எருவிடுவதை இதற்கு முன் யார் கேட்டிருப்போம்!

இந்த ஆறுகளின் ஓரத்தில் வாழ்ந்த தொல்குடி மக்களுக்குச் சால்மனே ஆண்டுக்கான உணவு. (செவ்விந்தியர் என்று நம் பழைய பாடப்புத்தகங்கள் எழுதின. கொலம்பஸ் வழி தவறியதற்கு அவர்கள் ஏன் நம் பெயரைச் சுமக்க வேண்டும்? தொல்குடியினர் என்றே எழுதுகிறேன்.) சால்மன்களும் ஒருவகை மனிதர்களே என்பது கரையோரக் குடிகள் பலவற்றின் நம்பிக்கை. கடலடியில் அவர்களுக்கு ஊரும் வீடும் உண்டு. பருவம் வந்ததும் மீன் உடை அணிந்து மனிதருக்கு உணவாக வருகிறார்கள். எலும்பை மரியாதையாகத் திருப்பி அனுப்பினால் மீண்டும் உடல் பெற்று அடுத்த ஆண்டும் வருவார்கள். ஆகவே ஆண்டின் முதல் மீனுக்குச் செய்யும் சிறப்பு, உண்மையில் ஒரு தூதருக்குச் செய்யும் சிறப்பு. ‘எங்களை நன்றாக நடத்தினார்கள்’ என்று அது போய்ச் சொல்லவேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் துலாலிப் என்னும் ஊரில் ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் நடக்கும் விழாவைப் பற்றிப் படித்திருக்கிறேன். முதல் மீன் படகில் வந்து சேரும். கரையில் பறையும் பாட்டுமாக ஊரார் காத்திருப்பார்கள். தழையைப் பரப்பி அதன்மேல் மீனைக் கிடத்தி, தேவாரம் பாடிக்கொண்டு உற்சவமூர்த்தியின் பின்னே செல்பவர்களைப் போல, நீண்ட பெருமன்றத்துக்குள் எடுத்துச் செல்வார்கள். பின்னர் விருந்து. கடைசியில் எலும்புகள் படகேறி நீருக்குத் திரும்பும்.

விலங்கியல் மாணவனுக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. முதல் மீனுக்குச் சடங்கு முடியும்வரை வேறு மீன் பிடிக்கக்கூடாது என்பது பல ஆறுகளில் இருந்த விதி. சடங்கு நாட்கணக்கில் நீளும். அதற்குள் முதல் கூட்டத்து மீன்கள் மேலேறி, முட்டையிடும் இடத்துக்குப் போய்விடும். கலிபோர்னியாவின் வடக்கே கிளமத் ஆற்றில் கெப்பெல் என்னுமிடத்தில் யூரோக் மக்கள் கழிகளை நட்டு ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டுவார்கள். கட்டுவதும் சடங்கு, எந்தக் கழியை யார் வெட்டுவது என்பதும் சடங்கு. பத்து நாள் மீன் பிடிப்பார்கள். பிறகு அந்த அணையைத் தாங்களே பிரித்துவிடுவார்கள். மேலே இருக்கும் ஊர்களுக்கும் மீன் போகவேண்டுமல்லவா? மீன்பிடிச் சட்டம், பங்கீட்டு ஒப்பந்தம், சமயச் சடங்கு, ஆட்டபாட்டம் ஆகிய நான்கும் ஒன்றாகவே நடந்தன. நாம்தான் அவற்றைப் பிரித்து நான்கு துறைகளாக்கிப் படிக்கிறோம்.

வெள்ளையர் வந்தபின் இந்தப் பாட்டும் ஆட்டமும் குற்றமாயின. கனடாவில் 1885 முதல் 1951 வரை, தொல்குடிகள் விருந்திட்டுப் பரிசளித்து முகமூடி ஆட்டம் ஆடும் ‘பாட்லாச்’ என்னும் பெருவிழாவுக்குச் சட்டப்படி தடை. 1921ஆம் ஆண்டில் வில்லேஜ் ஐலண்டு என்னும் தீவில் அவ்வாறு ஒரு விழா நடத்தியவர்களைக் கைது செய்து, பலரைச் சிறையில் அடைத்தார்கள். முகமூடிகளையும் ஆட்டக் கருவிகளையும் பறித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றிற் பல 1979, 1980ஆம் ஆண்டுகளுக்குப் பிறகே சொந்த ஊருக்குத் திரும்பலாயின. அந்த மக்கள் குவாக்வாகாவாக்கு எனப்படுபவர்கள். இரட்டைப் பிள்ளைகள் சால்மன்களே என்பது அவர்கள் கொள்கை. ஆதலால் சால்மன் நடனத்தில் இரட்டையருக்குத் தனி இடம் உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலும் 1883ஆம் ஆண்டின் விதிகள் ஆட்டங்களையும் சடங்குகளையும் தடுத்தன.

துலாலிப்பில் வில்லியம் ஷெல்டன் என்று ஒரு மரச்சிற்பி இருந்தார். கெட்டிக்காரர். 1855இல் அரசாங்கத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தான ஜனவரி 22ஆம் நாளைக் கொண்டாட வேண்டும் என்று அதிகாரிகளிடம் கேட்டார். தங்கள் ஒப்பந்தத்தைக் கொண்டாடுவதை அதிகாரிகள் எப்படி மறுப்பார்கள்? 1914இல் பெருமன்றம் எழுந்தது. ஒப்பந்த நாள் என்ற பெயரில் பழைய பாட்டுகளும் ஆட்டங்களும் உயிர் தப்பின. அவருடைய மகள் ஹாரியெட் ஷெல்டன் டோவர், தாய்மொழி பேசியதற்காகச் சிறு வயதில் பள்ளியில் அடிபட்டவர். அவரும் மற்ற முதியோரும் சேர்ந்துதான் 1970களில், நினைவில் எஞ்சியிருந்த பாடல்களைத் திரட்டி, நின்று போயிருந்த சால்மன் விழாவை மீண்டும் தொடங்கினார்கள்.

அதே 1970களில்தான் அப்பகுதியில் வேறொரு போராட்டமும் முடிவுக்கு வந்தது. வழக்கமான இடங்களில் மற்றக் குடிமக்களோடு பொதுவில் மீன் பிடிக்கும் உரிமையை ஒப்பந்தங்கள் இவர்களுக்கு உறுதி செய்திருந்தன. மாநில அரசோ வலை வீசியவர்களைப் பிடித்து அடைத்தது. நிஸ்குவாலி குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் பதினான்காம் வயதில் முதன்முதலாகக் கைதானார். வாழ்நாளில் ஐம்பது முறைக்கு மேல் கைதானார். 1964இல் திரைப்பட நடிகர் மார்லன் பிராண்டோவும் வந்து உடன் நின்று கைதானார். நம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் உப்பு எடுத்ததுபோல அவர்கள் மீன் எடுத்தார்கள் எனலாம். 1974 பிப்ரவரியில் நீதிபதி ஜார்ஜ் போல்ட், ‘பொதுவில்’ என்றால் பிடிக்கத்தக்க மீனில் பாதி என்று தீர்ப்பளித்தார்.

ஆனால், பாதி கிடைத்து என்ன? பாதி போடுவதற்கு மீன் இருக்கவேண்டுமே. இனி நான் சொல்லப்போவது மீனே இல்லாமற்போனவர்களின் கதை. இக்கட்டுரையை நான் எழுத விரும்பியதும் இதற்காகவே.

கலிபோர்னியாவின் வடபகுதியில் ஷாஸ்டா என்னும் பனிமலை இருக்கிறது. பதினாலாயிரம் அடிக்கு மேல் உயரம். (பெயர் நம் காதுக்குச் சாஸ்தா என்றே கேட்கிறது. அந்தச் சாஸ்தாவும் மலையில் இருப்பவரே.) அங்கிருந்து வரும் ஊற்றுநீர் கோடையிலும் பனிபோல் குளிர்ந்திருக்கும். மெக்ளவுட் என்னும் ஆறு அதைத்தான் சுமந்து வருகிறது. அதன் கரையில் வாழ்ந்தவர்கள் வின்னெமெம் வின்டு மக்கள். ‘நடு ஆற்றார்’ என்பது அப்பெயரின் பொருள். இருபுறமும் வேறு இரண்டு ஆறுகள் ஓட, இது நடுவில் ஓடுகிறது.

அவர்களுடைய தோற்றக் கதையைக் கேளுங்கள். மனிதன் மலையின் ஊற்றிலிருந்து வெளிவந்தபோது அவனுக்குப் பேச்சில்லை. அவன் நிலைக்கு இரங்கிய சால்மன் தன் குரலை அவனுக்குக் கொடுத்துவிட்டது. அன்று முதல் சால்மன் ஊமை. அதற்குக் கைம்மாறாக, ‘உனக்காக என்றும் நான் பேசுவேன்’ என்று மனிதன் உறுதி சொன்னான். நம் மொழியில் வாக்கு என்னும் ஒரே சொல் பேச்சையும் குறிக்கும், உறுதிமொழியையும் குறிக்கும். இந்தக் கதையை இத்தனை இயல்பாகச் சொல்லும் மொழி வேறு உண்டோ என்று எனக்கு ஐயம். மீன் கொடுத்ததும் வாக்கு. மீனுக்குக் கொடுத்ததும் வாக்கு.

1872ஆம் ஆண்டில் லிவிங்ஸ்டன் ஸ்டோன் என்பவர் அமெரிக்க அரசின் மீன்வள ஆணையத்துக்காக அந்த ஆற்றங்கரைக்கு வந்தார். கிழக்குக் கரை ஆறுகளில் சால்மன் குறைந்துவிட்டது. ஆதலால் இங்கிருந்து முட்டை எடுத்து அங்கே வளர்க்கலாம் என்பது நோக்கம். பேர்டு என்ற பெயரில் ஒரு பொரிப்பு நிலையம் எழுந்தது. தொடக்கத்தில் எதிர்த்த வின்னெமெம் மக்களிற் பலர் பின்னர் அங்கே வேலை செய்தார்கள். எனினும் 1887இல் அந்த நிலையத்துக்கு எதிராகப் போர் நடனம் ஆடினார்கள் என்று அவர்கள் மரபு சொல்கிறது. முட்டைகள் இரயிலேறிக் கிழக்கே போயின. கப்பலேறி வெளிநாடுகளுக்கும் போயின. கிழக்கே போனவை வேரூன்றவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேர்டு நிலையத்தின் வழியே நியூஸிலாந்துக்குப் போனவை மட்டும் அங்கே தென் தீவின் ஆறுகளில் நிலைத்துவிட்டன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1938இல் ஸாக்ரமெண்டோ ஆற்றில் ஷாஸ்டா அணை கட்டத் தொடங்கி 1945இல் முடித்தார்கள். உயரம் 602 அடி. மீன் ஏறுவதற்கு வழி வைக்கவில்லை. மெக்ளவுட் ஆற்றின் கீழ்ப்பகுதி நீர்த்தேக்கத்துள் போயிற்று. வின்னெமெம் ஊர்களிற் பெரும்பாலானவையும் மூழ்கின. சில கல்லறைகளைத் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள். 1941இல் நிலத்தை எடுக்கச் சட்டம் வந்தது. அதில் சொன்ன ஈடு தங்களுக்கு வந்து சேரவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. இன்று அவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் அங்கீகரித்த குடிகளின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அரசாங்கத்தின் கணக்கில் அவர்கள் ஒரு குடியே அல்லர்!

குளிர்காலத்தில் ஆற்றுக்குள் நுழைந்து கோடையில் முட்டையிடும் ஒருவகைச் சினூக் சால்மன் அங்கே உண்டு. கலிபோர்னியாவின் கொடுங்கோடையில் அது முட்டையிட முடிந்தது மலையூற்றின் குளிர்ச்சியால்தான். நீரின் வெப்பம் 13 பாகை செல்சியஸுக்குமேல் ஏறினால் முட்டை அழியத் தொடங்கும். அணைக்குக் கீழே, மத்தியப் பள்ளத்தாக்கின் வெயிலில், தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடும் குளிர்நீரை நம்பி அவை பிழைத்து வந்தன. 1994இல் அவற்றை அழியும் நிலையிலுள்ள இனம் என்று அறிவித்தார்கள். 2014, 2015ஆம் ஆண்டுகளின் வறட்சியில் தேக்கத்தில் குளிர்நீர் தீர்ந்து, அவ்விரண்டு ஆண்டுகளிலும் முட்டையும் குஞ்சும் ஏறக்குறைய அனைத்தும் அழிந்தன.

இதற்குள் அரசாங்கம் அணையை இன்னும் பதினெட்டரை அடி உயர்த்தத் திட்டமிட்டது. உயர்த்தினால், பெண் பிள்ளைகள் பருவமெய்தும்போது சடங்கு செய்யும் பாறை முதலிய எஞ்சிய புனித இடங்களும் மூழ்கும். 2004 செப்டம்பரில் வின்னெமெம் மக்கள் கலீன் சிஸ்க் என்னும் பெண் தலைவியின் தலைமையில் அணைக்கட்டின்மீதே போர் நடனம் ஆடினார்கள். 1887க்குப் பிறகு அதுவே முதல் முறை. நூறு பேர் ஆடினால் 602 அடிக் கான்கிரீட் அசையுமா? அசையவில்லை. ஆனால் செய்தி பரவிற்று. உங்கள் சால்மன் எங்கள் நாட்டில் இருக்கிறது என்று நியூஸிலாந்திலிருந்து கடிதம் வந்தது.

2010 மார்ச்சில் அவர்களில் முப்பது பேர் அளவில் கடல் கடந்து போனார்கள். பணக்காரர்கள் அல்லர், நன்கொடை திரட்டிப் போனார்கள். தென் தீவில் ரகாயா ஆற்றங்கரையில், அந்நாட்டு மாவோரி மக்களில் நை தாஹு குலத்தார் விருந்தோம்ப, தீ வளர்த்து, நான்கு நாள் சால்மன் நடனம் ஆடினார்கள். சொந்த ஆற்றில் மீன் இல்லாததால் பல்லாண்டுகளாக ஆடப்படாமலே கிடந்த நடனம் அது. அங்கே அவர்கள் வேண்டியது நல்ல மீன் வளமோ செல்வமோ அன்று, மன்னிப்பு. ‘பேசுவோம் என்று சொன்னோம், அணை எழுந்தபோது எங்கள் பேச்சு எடுபடவில்லை, எங்களைப் பொறுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்’ என்பதே அவர்கள் மீனிடம் வைத்த வேண்டுகோளின் சாரம்.

இந்த இடத்தில் என் தோழர் என்னை மறித்தார். “பாடினால் மீன் வருமா? நீ விஞ்ஞான மாணவன், சொல்” என்றார். வராது என்றேன். பாட்டுக்கு நீரின் வெப்பம் குறையாது. ஆட்டத்துக்கு அணை வழிவிடாது. நியூஸிலாந்து மீனைக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையை அரசு நிபுணர்கள் அப்படியே ஏற்கவும் இல்லை. அங்கே போனவை எந்தப் பருவத்து மீனின் வழித்தோன்றல், நோய் ஏதும் கூட வருமா என்றெல்லாம் கேட்டார்கள். அவை நியாயமான கேள்விகளே. ஆனால் இன்னொன்றையும் எண்ணவேண்டும். அணை கட்டி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், ‘மெக்ளவுட் ஆற்றுக்குச் சால்மன் திரும்புமா?’ என்ற கேள்வியைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் யார்? அலுவலகக் கோப்புகள் அல்ல. அந்த நடனத்தின் அடியைத் தெரிந்து வைத்திருந்த ஒரு சிறு கூட்டம்தான். ஆடாவிட்டால் மறந்திருப்பார்கள், மறந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

2016 முதல் அவர்கள் ‘சால்மனுக்காக ஓட்டம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஸான் பிரான்ஸிஸ்கோ வளைகுடாப் பக்கத்திலிருந்து மெக்ளவுட் ஆறு வரை, மீன் ஏறும் வழியே ஏறத்தாழ 300 மைல். நடந்தும், ஓடியும், குதிரையிலும், மிதிவண்டியிலும், படகிலும் இரண்டு வாரம் செல்வார்கள். வழிநெடுகப் பாட்டும் வேண்டுதலும் உண்டு. மீனால் ஏற முடியாத வழியை மனிதர் ஏறிக் காட்டுகிறார்கள்.

ஆடிப் பாடிப் பேசும் வழக்கம் இவர்களோடு நிற்கவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிரேஸர் ஆறு ஒரு பெரிய சால்மன் ஆறு. 2009இல் அங்கே சுமார் ஒரு கோடி சாக்ஐ வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவை பதினைந்து இலட்சத்துக்கும் குறைவு. விசாரணை ஆணையம் அமைக்கும் அளவுக்கு அது போயிற்று. 2015 முதல் அங்குள்ள செக்வெப்பெம் முதலிய தொல்குடிகள் ‘காட்டுச் சால்மன் ஊர்வலம்’ ஒன்று நடத்தலானார்கள். உள்நாட்டு மலைப்பகுதிக்கும் வான்கூவர் நகரத்துக்கும் இடையே ஊர் ஊராகச் செல்லும். மீனும் கரடியும் கழுகுமாக வேடம் புனைவார்கள். பெரிய பொம்மைகளைத் தூக்கி வருவார்கள். ஓவியரும் பாடகரும் பள்ளிப் பிள்ளைகளும் கூடுவார்கள். ‘காட்டுச் சால்மன்’ என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடலோரத்தில் வலைக்கூண்டு கட்டி அட்லாண்டிக் இனத்துச் சால்மனை வளர்க்கும் பண்ணைகள் அங்கே பெருகின. கூண்டிலிருந்து பேனும் நோயும் அவ்வழியே கடலுக்குப் போகும் காட்டுக் குஞ்சுகளைப் பற்றுகின்றன என்பது தொல்குடிகள் பலரின் குற்றச்சாட்டு. அந்த மாநிலத்துக் கடலில் திறந்த வலைக்கூண்டுகளை 2029 நடுவில் நிறுத்திவிடுவதாகக் கனடா அரசு 2024இல் அறிவித்தது. வேடம் கட்டியதால்தான் அறிவித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வழக்கும் ஆராய்ச்சியும் நெடுநாள் நடந்தன. ஆனால் வழக்கு மன்றத்துக்குள் குழந்தைகளை அழைத்துப்போக முடியாது, ஊர்வலத்துக்கு முடியும்.

மீண்டும் கிளமத் ஆற்றுக்கு வருவோம். பத்து நாளில் தாங்களே அணையைப் பிரித்த யூரோக் மக்களின் ஆறு அது. மேலே பிறர் கட்டிய அணைகளோ நூறாண்டு நின்றன. 2002இல் நீர் குறைந்து, வெம்மை மிகுந்து, நோய் பரவி, முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட சால்மன்கள் கரையெங்கும் செத்து மிதந்தன. யூரோக் மக்கள் ஆண்டுதோறும் ஆகஸ்டில் சால்மன் திருவிழா நடத்துபவர்கள். நெருப்பைச் சுற்றிக் குச்சிகளில் குத்தி வாட்டும் சால்மன்தான் அதன் உயிர். 2016இல் மீன் மிகக் குறைவாக வந்தபடியால், விழாவில் சால்மன் பரிமாறுவதில்லை என்று முடிவு செய்தார்கள். ஐம்பதாண்டுகளுக்கு மேலாக நடந்த விழாவில் அதுதான் முதல் முறை. விழாவை நிறுத்தவில்லை. மீன் இல்லாமலே மீன் திருவிழா நடந்தது. பொங்கல் பானை ஏறாமல் பொங்கல் வைப்பதை நினைத்துப் பாருங்கள்! 2024இல் அந்த ஆற்றின் நான்கு அணைகளை இடித்து முடித்தார்கள். அதே அக்டோபரில், அணைகள் இருந்த இடத்தைக் கடந்து சால்மன் மேலே போனது.

ஷாஸ்டா அணை அப்படியே நிற்கிறது. எனினும் அங்கும் ஒன்று நடந்தது. 2022 ஜூலையில் குளிர்காலச் சினூக்கின் முட்டைகள் சுமார் இருபதாயிரம், வண்டியில் ஏற்றப்பட்டு மெக்ளவுட் ஆற்றுக்குப் போயின. ஆகஸ்டில் மேலும் அதே அளவு. வின்னெமெம் மக்கள் பாடி வரவேற்றார்கள். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நீரில் அந்த மீன். முட்டைகள் வந்த இடம் அணையின் காலடியில் இருக்கும் பொரிப்பு நிலையம். அதன் பெயர், யார் கேட்டாலும் வியப்பார்கள், லிவிங்ஸ்டன் ஸ்டோன் நிலையம். 2023இல், சால்மனை மீட்கும் பணியில் வின்னெமெம் மக்களும் உடன் பொறுப்பாளர் என்று மத்திய, மாநில மீன்துறைகள் அவர்களோடு உடன்படிக்கை செய்தன. பட்டியலில் பெயரில்லாத குடி அது என்பதை நினைவிற் கொள்க.

குஞ்சுகள் பொரிந்தன, கடலை நோக்கி இறங்கின. அணை குறுக்கே நிற்கிறதே? பொறி வைத்துப் பிடித்து, மீண்டும் வண்டியில் ஏற்றி, அணைக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். அணையைச் சுற்றி ஒரு நீர்வழி வெட்டி, மீன் தானே இறங்கித் தானே ஏறும்படி செய்யவேண்டும் என்பது வின்னெமெம் மக்களின் கோரிக்கை.

கேட்டுக்கொண்டிருந்த தோழர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் பாட்டனார் காலத்துப் பேச்சு ஒன்றைச் சொன்னார். இந்தக் கங்கையில், நம் பல்கலைக் கழகத்தின் படித்துறையைத் தாண்டி, அலகாபாத்துக்கும் அப்பால் வரை இலீஸ் ஏறி வந்ததாம். உண்மைதான், புத்தகங்களிலும் இருக்கிறது. 1975இல் ஃபரக்கா அணை இயங்கத் தொடங்கிய பிறகு அது மிக அருகிப் போயிற்று. அணைக்குக் கீழே பிடித்த இலீஸை எடுத்துப்போய் மேலே விடும் முயற்சியை மீன்வள ஆராய்ச்சியாளர்கள் அண்மையில் மேற்கொண்டிருக்கிறார்கள்.

“அப்படியானால் இந்த இரண்டும் எங்கே பிடித்தவை?” என்று தட்டைக் காட்டிக் கேட்டேன்.

“ஹௌராவிலிருந்து நேற்றிரவு வண்டியில் வந்தன” என்றார். மீன் பெட்டியிலிருந்த பனிக்கட்டி இன்னும் முழுதும் உருகாமல் சமையலறை மூலையில் கிடந்தது.